ஏரியா என்றால் எவ்வளவு தூரம்

தமிழ் ஊர்களைத் தமிழ்நாட்டோடு சேர்க்கக் கேட்ட எல்லைப் போராட்டம் சூடாக இருந்த ஆண்டுகளில் நான் குன்னத்துகால் பக்கத்து மிஷன் பள்ளியில் கணக்கு டீச்சர். வயது இருபது. பாறசாலைச் சந்தையில் நாலு பேர் சேர்ந்து நின்று தமிழில் சத்தமாகப் பேசினாலே போலீஸ்காரர் திரும்பிப் பார்ப்பார். அப்படிப்பட்ட நாளில்தான் எங்கள் பள்ளியில் தமிழ் ஒன்றாம் வகுப்பு வேண்டும் என்று பெற்றோர் கல்வி அலுவலகத்துக்கு மனுக் கொடுக்கத் தீர்மானித்தார்கள். ஆங்கிலத்தில் எழுதினால் மதிப்பு உண்டு என்று சொல்லி, அந்த வேலையை என்னிடம் விட்டார்கள்.

'எங்கள் ஏரியாவில் உள்ள தமிழ்ப் பிள்ளைகளுக்கு' என்று தொடங்கினேன். வகுப்பில் தினமும் கரும்பலகையில் எழுதும் சொல் அது. நீளம் பெருக்கல் அகலம், பரப்பளவு. ஊரைச் சொல்லவும் அதே சொல்தான் என்று அகராதியில் பார்த்திருந்தேன். அழகாக எழுதிவிட்டதாக நினைத்துக்கொண்டேன்.

இரண்டு மாதம் கழித்துப் பதில் வந்தது. இந்த ஏரியாவில் தமிழ்ப் பிள்ளைகள் மிகக் குறைவு, ஆகவே தனி வகுப்புக்கு இடமில்லை. நம்ப முடியாமல் திரும்பவும் படித்தேன். எங்கள் பள்ளியைச் சுற்றி வீட்டுக்கு வீடு தமிழ்ப் பிள்ளைகள் இருந்தார்களே! விசாரித்தபோது விஷயம் புரிந்தது. ஏரியா என்ற சொல்லை அலுவலகத்தில் 'பகுதி' என்று எடுத்துக்கொண்டிருந்தார்கள். எங்கள் நாட்டில் பகுதி என்றால் வரி வசூலுக்காகப் பல ஊர்களைச் சேர்த்து வைத்த பெரிய கிராமம். ஆற்றுக்கு அக்கரையில் உள்ள மலையாள வீடுகளையும் சேர்த்து எண்ணியபோது நாங்கள் ஒரு மூலையில் ஒதுங்கிப் போனோம். நான் நினைத்த ஏரியா வேறு, அவர்கள் எண்ணிய ஏரியா வேறு. தப்பு என் எழுத்தில் என்று நினைக்க நினைக்க வெட்கமாக இருந்தது.

வெட்கத்தோடு சும்மா இருக்க முடியவில்லை. ஒரு சனிக்கிழமை காலை, ஆறு வயதுப் பெண் பிள்ளை ஒருத்தியின் கையைப் பிடித்துக்கொண்டு பள்ளி வாசலிலிருந்து நடந்தேன். அவள் கால் வைக்கிற வேகத்துக்கே நடந்தேன். அரை மணி நேரம் ஆனதும் நின்று, அந்த இடத்தைக் குறித்துக்கொண்டேன். அடுத்தடுத்த சனிக்கிழமைகளில் மற்ற மூன்று திசைகளிலும் அப்படியே. பிறகு இரண்டாவது மனு எழுதினேன்: 'ஏரியா என்றால், ஆறு வயதுக் குழந்தை அரை மணி நேரத்தில் நடந்து பள்ளிக்கு வரக்கூடிய இடம்.'

இந்த முறை பள்ளி இன்ஸ்பெக்டரே நேரில் வந்தார். மலையாளத்தில்தான் கேட்டார்.

"டீச்சரே, இந்த அர்த்தம் எந்த அகராதியில் இருக்கிறது?"

"அகராதியில் இல்லை சார். கணக்கில் ஏரியா என்றால் நீளமும் அகலமும் சொல்லவேண்டும். போன தடவை நான் சொல்லாமல் விட்டேன். இப்போது அளந்து சொல்லியிருக்கிறேன்."

அவர் சிரிக்கவில்லை. "சரி, அந்த இடத்தைக் காட்டுங்கள்" என்றார்.

வழி காட்ட நான் அழைத்தது பூவாறிலிருந்து கூடை சுமந்து வரும் மீன்காரியை. எந்த வீட்டில் எந்தப் பாஷை என்று அவளைவிட நன்றாக அறிந்தவர் யாரும் இல்லை. ஒரு வாசலில் மலையாளத்தில் கூவுவாள், அடுத்த வாசலில் தமிழில் கூவுவாள், மாறிப்போனதே கிடையாது. ஊர்க்காரர்கள் சிலர் போலீசுக்குப் பயந்து வரத் தயங்கியபோது அவள் கூடையை இறக்கி வைத்துவிட்டுச் சொன்னாள்: "நான் வாறேன் மக்கா. நான் நடக்குற வழிதானே, எனக்கென்ன பயம்?"

இன்ஸ்பெக்டர் நோட்டுப் புத்தகத்தோடு பின்னால் வந்தார். ஒவ்வொரு வீட்டு முன்பும் அவள் குரல் கொடுத்தாள்.

"இந்த வீட்டில தமிழாக்கும் சாரே. ரெண்டு பிள்ளைய உண்டு."

இன்ஸ்பெக்டர் நம்பாமல், தானே ஒரு சிறுமியிடம் மலையாளத்தில் பெயர் கேட்டார். அவள் மலையாளத்திலேயே சொல்லிவிட்டாள். "பார்த்தீர்களா?" என்று என் பக்கம் திரும்பினார். மீன்காரி குனிந்து கேட்டாள்: "மக்கா, இண்ணைக்கு அம்மெ என்ன வச்சா?"

அந்தக் குழந்தை மூச்சு விடாமல் தமிழில் சொன்னது: மரச்சீனிக் கிழங்கு, மீன் குழம்பு, தம்பி தட்டைக் கவிழ்த்தது, அம்மா திட்டியது. இன்ஸ்பெக்டர் எழுதுவதை நிறுத்திவிட்டு, கடைசிவரை கேட்டுக்கொண்டு நின்றார். அதற்குப்பிறகு எந்த வீட்டிலும் அவர் சோதிக்கவில்லை. அவள் சொன்னதை அப்படியே எழுதினார்.

அந்த ஜூனில் தமிழ் ஒன்றாம் வகுப்பு தொடங்கியது. பெஞ்சு போதாமல் பாதிப் பிள்ளைகள் பாயில் உட்கார்ந்தார்கள். அடுத்து எல்லை பிரித்தபோது பக்கத்து விளவங்கோடு தாலுகா தமிழ்நாட்டுப் பக்கம் போயிற்று. நாங்கள் கேரளத்திலேயே நின்றோம். பலர் அழுதார்கள். எனக்கும் வருத்தம் உண்டு, மறைக்கவில்லை. ஆனால் எல்லைக் கல் எங்கே நட்டாலும் எங்கள் வகுப்பை யாரும் மூடவில்லை. முப்பது ஆண்டுக்கு மேல் அங்கேயே சொல்லிக்கொடுத்து, அதே பள்ளியில் தலைமையாசிரியையாக ஓய்வு பெற்றேன். பொறுப்பை ஒப்படைத்த அன்று பழைய கோப்பு ஒன்றில் இன்ஸ்பெக்டர் எழுதிய அறிக்கை கிடைத்தது. ஏரியாவுக்கு நான் எழுதிய விளக்கத்தை ஒரு சொல்கூட மாற்றாமல் எடுத்தெழுதி, 'நடந்து பார்த்தேன், சரி' என்று கீழே கையெழுத்துப் போட்டிருந்தார்.