ஆடியில் காலி செய்யாத கடை

கீழ ராஜ வீதியில் ஒரு கடை வாடகைக்குக் கிடைக்கும் என்றதும், அப்பா ஆவூர்ப் பக்கம் இருந்த எங்கள் நிலத்தை விற்று இரும்புச் சாமான் வாங்கிவிட்டார். கடையில் அப்போது ஒரு நாட்டு மருந்துக்காரர் இருந்தார். ஆனியோடு அவர் போய்விடுவார், ஆடி ஒன்றாம் தேதி முதல் கடை உங்களுக்கு என்று கட்டடக்காரர் எழுதிக் கொடுத்திருந்தார். அதுவரை சாமான் எங்கள் வீட்டில். மண்வெட்டிகளுக்கு நடுவே பாய் விரித்துப் படுத்தோம்.

"ஒங்களுக்குத்தான் ஆடி, மார்கழியெல்லாம் கெடையாதே" என்றாராம் கட்டடக்காரர். மாதா கோயிலுக்குப் போகிற வேதக்காரர்கள் எந்த மாதமும் கடை திறப்பார்கள் என்றுதான் அப்பாவைப் பிடித்திருக்கிறார். வெளியே போகிறவருக்கு ஆடி உண்டே? அதை இருவருமே யோசிக்கவில்லை.

மருந்துக்காரர் வீடு தேடி வந்தார். "ஆடியில கடையத் தூக்குனா வெளங்காதுங்க. ஒரு மாசம் பொறுத்துக்கங்க. ஆவணி பொறந்ததும் நானே போயிர்றேன்."

"சரிங்க, போகட்டும்" என்றார் அப்பா. அம்மா தலையில் அடித்துக்கொண்டாள். "கட்டடக்காரருகிட்ட ஒரு வார்த்த சொல்லிட்டு வாங்க" என்றாள். அப்பா போகவில்லை. நல்ல மனுஷன் என்று பேர் வாங்க மட்டும்தான் அவருக்குத் தெரியும்.

அந்த ஆடியில் கட்டடக்காரர் வீட்டுக்கு விருந்துக்கு வந்த புது மாப்பிள்ளை திரும்பிப் போகவே இல்லை. அவருக்குத் தொழில் எதுவும் இல்லை.

மருந்துக்காரர் சொன்ன சொல் தவறவில்லை. ஆவணி முதல் நாள் அப்பா வண்டியில் சாமானோடு போனபோது கடை காலியாகிவிட்டிருந்தது. கதவில் புதுப் பூட்டு. மருந்துக்காரர் தெருவில் நின்றார்.

"சாவி எங்கங்க?"

"வாங்குன கையிலதானேங்க குடுக்கணும்? காலையிலேயே கட்டடக்காரருகிட்ட குடுத்துட்டேன்" என்றார், ஏதோ புண்ணியம் செய்த முகத்தோடு.

கட்டடக்காரர் அலட்டிக்கொள்ளவில்லை. "ஆடி ஒண்ணுன்னுதானே எழுதியிருக்கு? நீங்க வரலையே. இப்ப மாப்பிள்ளைக்குக் குடுத்துட்டேன்."

வழக்குப் போட எங்களுக்கு வக்கில்லை. ஐப்பசி மழையில் வீட்டிலிருந்த இரும்பு துருவேறத் தொடங்கியது. கடைசியில் மாப்பிள்ளையே கேட்ட விலைக்கு எல்லாவற்றையும் அள்ளிக்கொண்டு, விவரம் தெரிந்த ஆள் வேண்டுமென்று அப்பாவையும் வேலைக்குக் கூப்பிட்டார். அப்பா போனார். எனக்கு அவமானமாக இருந்தது. கட்டடக்காரரைவிட அந்த யோக்கியமான மருந்துக்காரர் மேல்தான் எனக்கு ஆத்திரம், இன்றும் தீரவில்லை.

ஒரு நாள் அம்மா ஆணி வாங்கிவரச் சொன்னாள். அப்பா நிறுத்து, காகிதத்தில் மடித்து என் கையில் கொடுத்தார். நான் காசை நீட்டினேன். அவர் வாங்கவில்லை. மாப்பிள்ளை உட்கார்ந்திருந்த கல்லாவைக் காட்டி, "அங்கிட்டுக் குடு, தாயி" என்றார்.