ஞான ஒடுக்கத்தில் வந்த பசாசு

எங்கள் கன்னியர் மடத்துப் பள்ளியில் வருஷத்துக்கு ஒருமுறை ஞான ஒடுக்கம் நடக்கும். மூன்று நாள் யாரும் வாயைத் திறக்கக் கூடாது. பூசை, செபமாலை, பாவசங்கீர்த்தனம் என்று சொல்ல வேண்டியதையெல்லாம் கோவிலுக்குள் சொல்லிக்கொள்ளலாம். கோவில் வாசலைத் தாண்டினால் மௌனம். சாப்பாட்டு மேசையில் உப்பு வேண்டுமென்றால் இரண்டு விரலைத் தேய்த்துக் காட்ட வேண்டும். தண்ணீர் வேண்டுமென்றால் கட்டை விரலை வாயருகே கொண்டுபோக வேண்டும். மற்ற நாளெல்லாம் சந்தைக்கடையாக இருக்கும் அந்த இடத்தில், யாராவது இருமினால்கூட எல்லோரும் திரும்பிப் பார்ப்போம்.

பள்ளி மலாயாவின் தென்கோடியில், ஜொகூர் பாருவில், கடலைப் பார்த்த ஒரு மேட்டில் இருந்தது. நான் லாபிஸ் பக்கத்து ரப்பர் தோட்டம் ஒன்றிலிருந்து ரயிலேறி வந்து அங்கே தங்கிப் படித்தேன். அப்பா அந்தத் தோட்டத்தில் கிராணி. துரையின் ஆபீசில் எழுத்து வேலை பார்க்கிறவர் என்பதால் மகளும் இங்கிலீஷ் படிக்க வேண்டும் என்று அவருக்கு ஒரே பிடிவாதம். அம்மாவுக்கு அந்த ஆசை துளியும் கிடையாது. ஒற்றைப் பிள்ளையை அவ்வளவு தூரம் அனுப்பிவிட்டு யார் முகத்தைப் பார்த்துக்கொண்டிருப்பது என்று கேட்டாள். அங்கே தினமும் பூசை காணலாம், வேதபாடம் நன்றாகச் சொல்லிக்கொடுப்பார்கள் என்று அப்பா சொன்ன பிறகுதான் இறங்கி வந்தாள். தோட்டத்துக்குச் சாமியார் வருவது மாதத்துக்கு ஒரு தடவை, அதுவும் மழை இல்லாமல் இருந்தால்.

ஒன்பது வயதுப் பிள்ளைகளுக்கு முழு ஒடுக்கம் கிடையாது. பெரிய பெண்கள்தான் மூன்று நாளும் இருப்பார்கள். எங்களுக்குக் காலையில் ஒரு பிரசங்கம், அப்புறம் விளையாடப் போகலாம். அந்த வருஷம் நான் முழு ஒடுக்கம் இருப்பேன் என்று அடம்பிடித்தேன். எங்களைக் கவனித்துக்கொண்ட மதர் ஐரிஷ்காரி, சிரித்தே பார்த்திராதவர். என்னை மேலும் கீழும் பார்த்தார். வகுப்பிலேயே வாயாடி என்று பேரெடுத்தவள் நான். மூன்று மணி நேரம் தாங்க மாட்டாய் என்றார். அம்மாவுக்காக என்று நான் சொன்னதும் விட்டுவிட்டார்.

எனக்கு ஒரு காரணம் இருந்தது. லீவு முடிந்து நான் கிளம்பியபோது அம்மா நடுக்கக் காய்ச்சலில் கிடந்தாள். கொயினா மாத்திரை கொடுத்தும் விட்டு விட்டு வந்தது. எப்போதும் லாபிஸ் ஸ்டேஷன் வரை வந்து, ரயில் நகரும்போது கூடவே நாலு எட்டு நடப்பவள், அந்தத் தடவை பாயை விட்டு எழுந்திருக்கவில்லை. அதன்பிறகு வீட்டிலிருந்து ஒரு சேதியும் இல்லை. கேட்கவும் எனக்குப் பயமாக இருந்தது. ஆகவே மாதாவோடு ஓர் ஒப்பந்தம் போட்டுக்கொண்டேன். மூன்று நாள் மௌனத்தை அம்மாவுக்காக ஒப்புக்கொடுப்பேன், மாதா காய்ச்சலை எடுத்துவிட வேண்டும். அதோடு நிறுத்தியிருக்கலாம். கிராணி மகள் அல்லவா, ஒரு ஷரத்தும் சேர்த்தேன். கோவிலுக்கு வெளியே ஒரு வார்த்தை பேசினாலும் ஒப்பந்தம் ரத்து. 

தமிழ்ப் பிள்ளைகளுக்குப் பிரசங்கம் செய்ய ஒரு பிரெஞ்சுக்காரச் சாமியார் வந்திருந்தார். புதுச்சேரிப் பக்கத்தில் தமிழ் படித்தவர். யாரும் பேசாத தமிழை, யாரும் பேசாத விதத்தில் பேசுவார். முதல் நாள், திங்கட்கிழமை, வனத்தில் தவமிருந்த ஓர் அர்ச்சிஷ்டவரின், அதாவது புனிதரின், கதையைச் சொன்னார். பேசுவதில்லை என்று நேர்ந்துகொண்ட அந்த மனிதரைப் பேசவைக்கப் பசாசு பல வேஷம் போட்டதாம். புலியாக வந்தது, அவர் அசையவில்லை. பொன்னோடு வந்தது, அவர் அசையவில்லை. கடைசியில் அவர் தங்கையின் உருவத்தில் வந்து, அண்ணா என்று அழுதது. “பிள்ளைகளே, பசாசானது பகைவனாக வாராது. நீங்கள் அதிகம் நேசிக்கிறவர்களின் முகத்தைத் தரித்துக்கொண்டு வரும்” என்றார். பெரிய பெண்களுக்கு அது ஏதோ ஞானார்த்தமாகப் பட்டிருக்கலாம். நான் அதைப் போலீஸ் எச்சரிக்கை மாதிரி எடுத்துக்கொண்டேன்.

அன்று முழுக்கத் தாக்குப்பிடித்துவிட்டேன். கதவில் விரல் நசுங்கியபோதுகூட வாயை இரண்டு கையாலும் பொத்திக்கொண்டேன். மறுநாள் காலை, பிரசங்கத்துக்கு வரிசையில் நின்றபோது மதர் வந்து என் கையைப் பிடித்தார். மதர் யார் கையையும் பிடிப்பவர் அல்ல. பிடித்த கையை விடாமல் நடைவழியில் கூட்டிக்கொண்டு போனார். பெற்றோர் வந்து பார்க்கும் பார்லர் வாசலில் குனிந்து, அப்பா வந்திருக்கிறார், அவரோடு பேசலாம், அதற்கு அனுமதி உண்டு என்றார். குரல் அவர் குரலாகவே இல்லை, அவ்வளவு மெதுவாக இருந்தது.

எனக்குச் சொரேர் என்றது. நேற்று ஒரு பெண் தும்மிவிட்டு ‘சேசுவே’ என்று முனகியதற்கு முறைத்தவர் இந்த மதர். இன்று அவரே பேசச் சொல்கிறார். அதுவும் செவ்வாய்க்கிழமை, அப்பா ஆபீசில் இருக்க வேண்டிய நாள். பெற்றோர் வருவது மாதத்தில் ஒரு ஞாயிறு மட்டும்தான். சாமியார் சொன்னது அப்படியே நடக்கிறது என்று எனக்குப் புரிந்துபோயிற்று.

பார்லரில் நாற்காலி இருந்தும் அப்பா நின்றுகொண்டிருந்தார். முதலில் அவர் பாதத்தைப் பார்த்தேன். பேய்க்குக் கால் தரையில் பாவாது என்று தோட்டத்துப் பிள்ளைகள் சொல்லிக் கேட்டிருந்தேன், பசாசுக்கும் அதுதான் சட்டம் என்று நினைத்தேன். கால் பாவித்தான் இருந்தது. ஆனால் சப்பாத்தில் அப்பியிருந்த செம்மண் காய்ந்துபோயிருந்தது. என் அப்பா சப்பாத்தைத் துடைக்காமல் வாசற்படி தாண்டமாட்டார். முகத்தைப் பார்த்தேன். நாலைந்து நாள் தாடி. என் அப்பா ஞாயிற்றுக்கிழமைகூடச் சவரம் செய்கிறவர். எல்லாவற்றுக்கும் மேல், கையில் ஒரு பிஸ்கட் டின் இருந்தது, சீனன் கடையில் வாங்கியது. அப்பா வந்தால் அம்மா சுட்ட முறுக்கோ அதிரசமோ இல்லாமல் வந்ததே கிடையாது. காய்ச்சலாக இருந்தால்கூட அடுப்படியில் உட்கார்ந்து எதையாவது செய்து கொடுத்துவிடுவாள். பசாசுக்கு அதிரசம் சுடத் தெரியவில்லை, கடையில் வாங்கி வந்துவிட்டது என்று முடிவு கட்டினேன்.

“என்னம்மா, நல்லாருக்கியா?” என்றது அது.

அப்பா குரலேதான். பேசிவிடுவேனோ என்று உதட்டைப் பல்லால் கடித்துக்கொண்டேன். பக்கத்தில் வந்து, ஏன் பேசமாட்டேன் என்கிறாய், அப்பாமேல் கோபமா என்று கேட்டார். கண்ணில் தண்ணீர் முட்டியது. பேசத்தானே கூடாது, சாடை காட்டினால் தப்பில்லை என்று தோன்றியது. உதட்டில் விரலை வைத்தேன். சுவரில் இருந்த மாதா படத்தைக் காட்டினேன். மூக்கின் பக்கத்தைத் தொட்டுக் காட்டினேன். அது எங்கள் வீட்டில் அம்மாவுக்குச் சாடை, அவள் மூக்குத்திக்காக. பிறகு புறங்கையை நெற்றியில் வைத்துக் காட்டினேன், காய்ச்சல் என்று.

அப்பா என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். மதர் இங்கிலீஷில் விளக்கினார். இவள் தன் தாய்க்காக மௌனம் இருக்கிறாள், பேச அனுமதி கொடுத்தும் கேட்கவில்லை, நானே வேண்டுமானால் சொல்லிவிடுகிறேன் என்றார். எதைச் சொல்வது என்று எனக்கு விளங்கவில்லை. அப்பா வேண்டாம் என்று தலையாட்டினார். அப்புறம்தான் நாற்காலியில் உட்கார்ந்தார். எப்போது முடியும் என்று கேட்டார். வியாழக்கிழமை காலைப் பூசையோடு என்றார் மதர்.

“அவ முடிக்கட்டும்” என்று அப்பா தமிழில் சொன்னார். மதருக்குத் தமிழ் தெரியாது. ஆனாலும் அவர் சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

பிறகு அப்பா என்னிடம் பேசத் தொடங்கினார். ஆபீஸ் நாய் ஐந்து குட்டி போட்டதைச் சொன்னார். அதில் ஒன்றுக்கு ஒரு கண்ணைச் சுற்றி மட்டும் கறுப்பாம். மழைக்கு அடுப்படிக் கூரை ஒழுகியது, ஆள் வைத்து மாற்றியாயிற்று என்றார். எனக்குப் பயம் தணியவில்லை. நாய்க்குட்டிப் பேச்சில் மயங்கி என்ன நிறம் என்று கேட்டுவிடுவேனோ என்று நகத்தால் உள்ளங்கையைக் குத்திக்கொண்டே நின்றேன்.  கூரையை முடித்ததும் மறுபடியும் நாயிலிருந்து ஆரம்பிப்பார்.

எழுந்தபோது என் நெற்றியில் கட்டை விரலால் சிலுவை வரைந்தார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. பசாசால் சிலுவை போட முடியாது. அப்படியானால் இது அப்பாதான். அப்பா என்று கூப்பிட வாய் திறந்தேன், திறந்தது திறந்தபடி இருக்கத் தலைதெறிக்கக் கோவிலுக்குள் ஓடி, அங்கே போய்த்தான் கத்தினேன். சாமியார் பிரசங்கத்தை நிறுத்திவிட்டுப் பார்த்தார்.

மீதி நாட்களை எப்படிக் கழித்தேன் என்று கேட்டால், பயந்துகொண்டே கழித்தேன் என்றுதான் சொல்ல வேண்டும். ஏன் வந்தார், ஏன் தாடி, அம்மா ஏன் ஒன்றும் கொடுத்துவிடவில்லை என்று திரும்பத் திரும்ப நினைத்தேன். அம்மாவுக்கு ரொம்ப முடியவில்லை, அதனால்தான் வந்திருக்கிறார், ஆகவே இன்னும் கெட்டியாக இருக்க வேண்டும் என்று முடிவு செய்தேன். சாப்பாட்டு மேசையில் உப்பு, தண்ணீர் எதற்குமே சாடை காட்டுவதையும் விட்டுவிட்டேன். மதர் தாமாகவே என் தம்ளரில் தண்ணீர் ஊற்றினார்.

வியாழக்கிழமை பூசையில் பீடத்தின் முன் நன்மை அப்பம் வாங்கிவிட்டுத் திரும்பும்போது, கடைசி வரிசையில் அப்பா முழங்காலில் இருந்தார். அவர் லாபிஸுக்குத் திரும்பவே இல்லை. ஊர்க் கோவில் உபதேசியார் வீட்டில் இரண்டு நாளாகத் தங்கியிருந்திருக்கிறார். சவரம் செய்திருந்தார். பூசை முடிந்து மணி அடித்ததும் மூன்று நாள் பேச்சும் மடை திறந்த மாதிரி எல்லாப் பெண்களும் கத்தினார்கள். என் பக்கத்துக் கட்டில் பெரிய பெண் என் தோளில் தட்டி, ராத்திரியெல்லாம் நீ தூக்கத்தில் புலம்பினாய், தெரியுமா என்று சிரித்துவிட்டுப் போனாள். எனக்கு அந்த ஷரத்துதான் நினைவுக்கு வந்தது.

அப்பா என்னை முற்றத்து மரத்தடிக்குக் கூட்டிப் போனார். என் உயரத்துக்குக் குந்தி உட்கார்ந்தார். அம்மா நம்மை விட்டுப் போய்விட்டாள் என்றார். அதை அவர் நேராகத்தான் சொன்னார்.

நான் அழவில்லை. எனக்கு அதைவிடப் பெரிய கவலை இருந்தது. “நான்தாம்பா,” என்றேன். “தூக்கத்துல பேசிட்டேனாம். அதான் அம்மா செத்துட்டாங்க.” மூன்று நாளைக்குப் பிறகு கோவிலுக்கு வெளியே நான் பேசிய முதல் பேச்சு அது. அப்பாவுக்கு ஒன்றும் புரியவில்லை. ஒப்பந்தத்தையும் ஷரத்தையும் அழுகை முட்ட முட்ட விளக்கிச் சொன்னேன்.

அவர் என் இரண்டு தோளையும் இறுகப் பிடித்தார். “இல்லம்மா, இங்க பாரு. சனிக்கிழமையே போயிட்டா. ஞாயித்துக்கிழமை அடக்கம் பண்ணிட்டோம். நீ தொடங்குனது திங்கக்கிழமைதானே? உன்னால ஒண்ணும் இல்ல.”

எனக்கு மூச்சு வந்தது. உண்மையைச் சொன்னால், முதலில் வந்தது சந்தோஷம்தான். அப்பாடா, நான் இல்லை. ஒரு பெரிய பாரம் இறங்கினமாதிரி இருந்தது. அம்மா இல்லை என்பது அதற்கப்புறம் மெல்ல மெல்லத்தான் உறைத்தது, அன்று முழுதும், அப்புறம் வருஷக் கணக்கில். அந்த நிமிஷத்தில் என் மூளை கணக்குப் போட்டுக்கொண்டிருந்தது. சனிக்கிழமை என்றால், செவ்வாய்க்கிழமை பார்லரில் அப்பாவுக்கு எல்லாம் தெரியும்.

“அப்ப ஏம்பா அன்னைக்கே சொல்லல?”

 அப்பா கடல் பக்கம் பார்த்தார். “சொல்லத்தாம்மா வந்தேன். நீ மூக்கத் தொட்டுக் காட்டுனியே. எல்லாருக்கும் அவ போயிட்டா, உனக்கு மட்டும் இன்னும் காய்ச்சலா படுத்திருந்தா. நானும் ரெண்டு நாள் உன்கூடவே அப்படி இருந்துக்கிட்டேன்.”

அதைச் சொன்னதும் அவர் முகம் உடைந்தது. அப்பா அழுது நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. துக்கத்தில் அப்பாவுக்கு நாள் கணக்குக் குழம்பிவிட்டது என்று எனக்குப் பாவமாக இருந்தது. கைக்குட்டையால் அவர் முகத்தைத் துடைத்துவிட்டு, சனிக்கிழமை இறந்தவங்க செவ்வாய்க்கிழமை எப்படிப்பா காய்ச்சலில் படுத்திருப்பாங்க என்று, வகுப்பில் கணக்குச் சொல்லிக்கொடுக்கும் குரலில், பொறுமையாக அவருக்கு எடுத்துச் சொன்னேன். அப்பா எல்லாவற்றுக்கும் ஆமாம்மா, ஆமாம்மா என்று தலையாட்டிக்கொண்டிருந்தார்.