அச்சன்புதூருக்குப் போன நெஞ்சு நோய்

விசுப் பண்டிகைக்கு முந்தின நாள் காலை, தென்காசி ஸ்டேஷனில் கொல்லம் ரயிலேறப் போன, டாக்டர் சாம்பசிவத்தின் மலையாளத்து நர்ஸம்மாவை நிறுத்தி, "நாக்கை நீட்டுங்க" என்றாள் குழல்வாய்மொழி. நர்ஸம்மா சிரித்துக்கொண்டே நீட்டினாள். "வெளுத்திருக்கு. ரத்தம் பத்தாது" என்று தீர்ப்பு வந்ததும் ரயிலும் நகர்ந்தது. ஊருக்குப் போய்க் கல்யாணம் செய்துகொண்ட நர்ஸம்மா திரும்பவே இல்லை. அது 1957. குழல்வாய்மொழி ஐந்தாம் பாரம், அதாவது பத்தாம் வகுப்பு, முடித்திருந்தாள்.

அவளைக் கண்டால் தெருவில் வாயை இறுக்கி மூடிக்கொள்வார்கள். திறந்தால் நாக்கைப் பார்த்துவிடுவாள். பால்காரர் மந்திரமூர்த்தி ஒருநாள் கும்பிட்டே விட்டார். "ஏட்டி, என்னைப் பாத்தாச்சு, எம் பொண்டாட்டியப் பாத்தாச்சு. மாட்டையாவது விட்டு வையி தாயே." சாப்பிடும் முன்பு டெட்டால் போட்டுக் கைகழுவுவாள். அவள் பிசைந்த சோற்றிலும் ஆஸ்பத்திரி வாசம் அடிக்கும்.

அவள் அப்பா நெல்லையப்பன் பத்திரம் எழுதுகிறவர். சாட்சி இல்லாமல் எதையும் நம்பமாட்டார். டாக்டருக்குப் படிக்கப் போகிறேன் என்று மகள் சொன்னதற்கும் சாட்சி கேட்டார். "லீவு முழுக்க சாம்பசிவம் டாக்டர்ட்ட போயி நில்லு. 'இவ தாங்குவா'ன்னு அவரு வாயால சொல்லட்டும், படிக்க வைக்கேன். இல்லைன்னா ராயகிரி மாப்பிள்ளை வீட்டுக்குச் சரின்னு சொல்லிருவேன்." இப்படித்தான் நர்ஸம்மாவின் ஸ்டூல் அவளுக்குக் கிடைத்தது.

டாக்டர் சாம்பசிவத்தின் ஆஸ்பத்திரியில் ஒரு பச்சைப் படுதா உண்டு. சுற்றூர்களிலிருந்து வரும் முஸ்லிம் பெண்கள் அதற்கு உள்ளே உட்காருவார்கள், டாக்டர் வெளியே. ஸ்டெதஸ்கோப்பில் ஒரு முழம் ரப்பர் குழாயை ஒட்டுப்போட்டு நீட்டி வைத்திருந்தார். காதில் மாட்டுவது அவர், உள்ளே நெஞ்சில் வைப்பது நர்ஸம்மா. இருவரும் சேர்ந்தால்தான் ஒரு முழு டாக்டர். இப்போது அதில் பாதி குழல்வாய்மொழி. முதல் வாரம் ஒரு கட்டியைக் கீறும்போது அவள் மயங்கி விழுந்ததும், கீழே விழுந்த பஞ்சைத் தேடினேன் என்று எழுந்து சொன்னதும், அப்பா காதுக்குப் போகவில்லை.

மே மாதக் கடைசியில் அச்சன்புதூரிலிருந்து வில்வண்டியில் ஹாஜரா பீவி வந்தாள். முப்பது வயது. வீட்டாருக்கும் தறிக்காரர்களுக்கும் ஒருத்தியே ஆக்கிப்போட்டு, அடுப்படியில் தலைசுற்றி விழுந்திருந்தாள். கூட வந்த மாமியார் ஹைருன் பீவி டாக்டருக்கு முதுகைக் காட்டி நின்றுகொண்டு, "ஒரு டானிக்கு குடுங்க டாக்டரையா. நாளைக்கு வீட்ல விருந்து கெடக்கு" என்றாள்.

படுதாவுக்குள் ஸ்டெதஸ்கோப்பின் குளிர்ந்த வட்டு மேலே பட்டதும் ஹாஜரா நெளிந்தாள். "ஏட்டி, கூசுது! எடு, எடு!" மறுபடி வைத்தால் மறுபடி சிரிப்பு. வெளியே டாக்டருக்குப் பொறுமை போய்விட்டது. "என்னம்மா பண்ணுதே அங்கன? ஒரு குழாயை வைக்கத் தெரியலையா?"

குழல்வாய்மொழியின் கண்ணில் ராயகிரி தெரிந்தது. வட்டை இழுத்துத் தன் நெஞ்சில் அழுத்திக்கொண்டாள். "வச்சாச்சு சார்."

வெளியே டாக்டர் கூர்ந்து கேட்டார். "மூச்சை இழுக்கச் சொல்லு." இழுத்தாள். "விடச் சொல்லு." விட்டாள். டாக்டர் குழாயைக் கழற்றினார்.

"நெஞ்சுல ஊதல் சத்தம் கேக்குது. வால்வுல கோளாறு. மூணு மாசம் படுக்கையை விட்டு எந்திரிக்கக் கூடாது. அடுப்பு, அம்மி, உரல் எதுவும் ஆகாது. உப்பைக் குறைக்கணும். மாடிப்படி ஏறினா அப்புறம் நான் பொறுப்பில்லை."

"யா அல்லா" என்றாள் மாமியார். ஹாஜரா, வட்டு இருந்த இடத்தைப் பார்த்தாள்; அதற்குரியவளின் முகத்தைப் பார்த்தாள்; பிறகு கண்ணை மூடி, நெடுநாள் நோயாளிபோல மெல்லச் சாய்ந்து படுத்துக்கொண்டாள்.

வைத்தியத்தை இருவருமே ஒழுங்காகக் கடைப்பிடித்தார்கள். ஹாஜரா படுத்தாள்; குழல்வாய்மொழி உப்பை விட்டாள். சாரல் தொடங்கிக் குடும்பமே குற்றாலத்துக்குப் போனபோது, அருவி விழுகிற வேகத்தில் நெஞ்சு நின்றுவிடும் என்று பயந்து, பாறையில் உட்கார்ந்து எல்லார் துணிக்கும் காவல் இருந்தாள். உண்மையைச் சொன்னால் படிப்பு போகும். சொல்லாவிட்டால் உயிரே போகலாம். பாவம், நோயில்லாத ஒருத்தி வேறு படுத்துக் கிடக்கிறாள். இந்தக் கடைசி நினைப்புதான் அவளை அச்சன்புதூர் பஸ்ஸில் ஏற்றிவிட்டது.

அங்கே ஹைருன் பீவி மருமகளுக்கு ஆட்டுக்கால் சூப்பு ஊற்றிக்கொண்டிருந்தாள். ஹாஜராவின் கன்னம் பூரித்திருந்தது. மாமியார் கிண்ணத்தோடு உள்ளே போனதும் குழல்வாய்மொழி குனிந்து, ராயகிரி முதல் எல்லாவற்றையும் சொல்லி அழுதாள். "அக்கா, அது என் நெஞ்சு. டாக்டர்ட்ட சொல்லிருதேன்."

"வாயப் பொத்துட்டி. கட்டிக்கிட்டு வந்து பதினாலு வருசத்துல இப்பந்தான் மாமி எனக்குச் சோறு போட்டுத் தாரா. ஹஜ்ஜுப் பெருநா சமையலாவது என் தலையில விடியாம இருக்கட்டும்."

"எனக்குப் பயமா இருக்குக்கா."

"நோவு இருந்தா பொறவு பாத்துக்கிடலாம். இப்பச் சொன்னா ரெண்டு பேரும் அடுப்படிக்குத்தான் போவோம். நீ ராயகிரியில, நான் இங்கன."

லீவு முடிந்த அன்று நெல்லையப்பன் சாட்சி கேட்க வந்தார். "நல்ல திடமான பொண்ணு ஓய். தாங்குவா" என்றார் டாக்டர்.

இரண்டு வருஷம் கழித்து, மதுரை மருத்துவக் கல்லூரியில் சேரும்போது ஒரு கிழட்டுப் புரொபசர் அவள் நெஞ்சில் குழாய் வைத்தார். அவருக்கும் ஊதல் கேட்டது. "ஒல்லிப் பெண்களுக்கு இப்படிக் கேட்கிறது உண்டு. இது நோயே இல்லை" என்று அடுத்த பெண்ணைக் கூப்பிட்டார். அன்று அவள் விடுதி மாடிப்படிகளை ஏறினாள், இறங்கினாள், காரணமில்லாமல் மறுபடியும் ஏறினாள்.

1968இல், திருநெல்வேலிப் பக்கத்து ஆஸ்பத்திரி ஒன்றில் டாக்டரம்மாவாக இருந்தவளுக்கு ஒரு கார்டு வந்தது. ஹாஜரா பீவி யாரிடமோ சொல்லி எழுதியிருந்தாள்: 'மகன் பரீதுக்குக் கல்யாணம் முடிந்தது. வந்த மருமகள் நாலாம் மாதமே நெஞ்சு வலி என்று படுத்துக்கொண்டாள். வேலையெல்லாம் போட்டது போட்டபடி கிடக்கிறது. எனக்கா இந்தக் கள்ளம் தெரியாது? நீ வந்து குழாய் வைத்துப் பார்த்து, ஒன்றுமில்லை என்று அவள் முகத்துக்கு நேரே சொல்லிவிட்டுப் போ.'

நின்றபடியே படித்துவிட்டு அரை நாள் லீவு எழுதிக் கொடுத்தாள். வாசலை எட்டியபோது நர்ஸ் பின்னால் ஓடிவந்தாள். "டாக்டரம்மா, ஸ்டெதஸ்கோப்பை மறந்துட்டுப் போறீங்களே!"

குழல்வாய்மொழி அதைக் கையில் வாங்கினாள். "மூணு மாசம் படுக்கைன்னு சொல்ல இது எதுக்கு?" என்றாள். திரும்பி வந்து, மேஜை இழுப்பறைக்குள் வைத்துப் பூட்டிவிட்டு, அச்சன்புதூர் பஸ்ஸுக்குக் கிளம்பினாள்.