கூட்டிப் பாருங்க, பெருக்கிப் பாருங்க

கணக்கு டியூஷன் எடுத்துப் பிழைக்கிறவர்களே, பெரியவர்களுக்கு எடுத்துப் பார்த்திருக்கிறீர்களா? பிள்ளைகள் சூத்திரத்தைச் சொன்னால் எழுதிக்கொள்வார்கள். இவர்கள் ஏன் என்று கேட்பார்கள். தண்டையார்பேட்டையில் ஞாயிறுதோறும், பத்தாம் வகுப்புத் தேர்வைத் தனித்தேர்வராக எழுதுகிறவர்களுக்கு வகுப்பு எடுக்கிறேன். எல்லோரும் என்னைவிட மூத்தவர்கள்.

மைனஸ் எங்கே போனது?

மும்தாஜ் அக்காவுக்கு வண்ணாரப்பேட்டை துணிக்கடையில் வேலை. இருபடிச் சமன்பாட்டில் x²-க்கு முன்னால் எண் இல்லையென்றால், x-க்கு முன்னால் நிற்கிற கெழுவைக் குறி மாற்றினால் மூலங்களின், அதாவது விடைகளின், கூடுதல், கடைசி எண் அப்படியே பெருக்கற்பலன் என்று நடத்தினேன். ஒன்றுக்குக் குறி மாறுகிறது, மற்றதற்கு ஏன் மாறவில்லை என்றார். சூத்திரம் அப்படித்தான் என்றேன். அவர் விடவில்லை. மூலங்கள் 3, 4 என்று வைத்து (x − 3)(x − 4)-ஐப் பெருக்கிக் காட்டினேன். x² − 7x + 12. இரண்டு மைனஸும் கூடி நடுவில் மைனஸாகவே நின்றன; பெருகியபோது கடைசியில் பிளஸ் ஆகிவிட்டன. அக்கா அதை அப்படியே நோட்டில் எழுதிக்கொண்டார்.

"இத்த மொதல்லியே காட்டிருக்கலாம்ல டீச்சர், நான் மந்திரம் மாரி மனப்பாடம் பண்ணிக்கினு இருந்தேன்."

அடிக்கப் போன விடை

செல்வம் அண்ணன் துறைமுகத்துக்கு டிரெய்லர் ஓட்டுகிறவர். முதுகுவலியால் இனி ஓட்ட முடியாது என்ற நிலை. கம்பெனியில் லாரி நிற்கிற யார்டுக்குச் சூப்பர்வைசர் வேலை தருவார்கள், பத்தாவது பாஸாகியிருந்தால். கணக்கில் ஏற்கெனவே தவறியவர். சரியாகத்தான் போடுவார், சந்தேகம் வந்து, அடித்துவிட்டு வேறு எழுதுவார். ஒவ்வொரு விடைக்கும் சரியா, சரியா என்று என்னைக் கேட்பார்.

ஒருநாள் 2x² − 11x + 12 = 0 கொடுத்தேன். 4, 3/2 என்று எழுதிவிட்டு வழக்கம்போலக் கேட்டார். கூட்டிப் பாருங்க, பெருக்கிப் பாருங்க என்பதோடு நிறுத்திக்கொண்டேன். அவருக்குக் கோபம். கூட்டினால் 11/2, பெருக்கினால் 6. சமன்பாட்டிலோ 11, 12. அடிக்கப் பேனாவை எடுத்தார். முன்னால் இருக்கிற இரண்டால் வகுக்கணும் என்றார் மும்தாஜ் அக்கா. அண்ணன் 11, 12 இரண்டையும் வகுத்தார். இரண்டும் பொருந்தின. பேனாவை மூடி வைத்தார்.

"நீங்க சொல்லாமயே எனுக்குத் தெரியுது, டீச்சர்."

பள்ளி வாசலில்

தேர்வு திருவொற்றியூர்ப் பள்ளியில்; நான் வாசலில் நின்றேன். மும்தாஜ் அக்கா சிரித்துக்கொண்டே வந்துவிட்டார். செல்வம் அண்ணன் கடைசியாக வந்தார். ஒரு பெரிய கேள்வியைத் தொடவே இல்லை என்றதும் போன மதிப்பெண்ணை எண்ணத் தொடங்கினேன். அவர் முகத்திலோ கவலையே இல்லை.

"தெரியாதத வுட்டுட்டேன், ஆனா இந்த தபா ஒண்ணியும் அடிக்கல."

இரண்டு பேரும் பாஸாகி, வகுப்புக்கு வருவதையும் நிறுத்திவிட்டார்கள். ஒழுங்காகச் செய்தால் ஆள் குறைகிற தொழில் இது.