குறுக்குக் கோடுகள்

"முதல்ல நீ ஒரு வாய் எடு," என்றார்.

மனைவி அவருடைய தட்டிலிருந்தே ஒரு கரண்டி அள்ளி வாயில் போட்டாள். மென்றாள், விழுங்கினாள், வாயைத் திறந்தும் காட்டினாள்.

"போதுமா? இல்ல, அரை மணி நேரம் நான் உயிரோட இருக்கேனான்னு பார்த்துட்டுச் சாப்பிடறீங்களா?"

"அரை மணி ஆகட்டும்."

அவள் குத்தலாகத்தான் கேட்டிருந்தாள். அவர் அதைக் குத்தலாக எடுத்துக்கொள்ளவில்லை. சாப்பாடு ஆறிக்கொண்டிருந்தது. அவர் இரண்டு பெருவிரல்களையும் விளக்கடியில் சேர்த்து வைத்துப் பார்த்தார். நகத்தின் நடுவே, அடியிலிருந்து நுனிவரை, வரிவரியாகக் குறுக்குப் பள்ளங்கள். அலைகள் அப்படியே உறைந்துபோன மாதிரி.

"இந்த ருசி பார்க்கிற வேலை இன்னையோட சரி," என்றாள் அவள். "நாளைக்குச் சாயந்திரம் தோல் டாக்டரம்மாகிட்ட டோக்கன் போட்டிருக்கேன். நகத்தைக் காட்டிட்டு வாங்க. அதுக்கப்புறமும் என் கையால சாப்பிடப் பயமா இருந்தா, நான் அக்கா வீட்டுக்குப் போயிடறேன். சண்டையெல்லாம் வேண்டாம்."

குரல் உயரவே இல்லை. அதுதான் அவருக்கு உறுத்தியது. தப்பு செய்யாதவள் கத்தியிருக்க மாட்டாளா?

அவர் சட்டைத் தொழிற்சாலையில் செக்கிங் மேசைக்காரர். தைத்து வரும் சட்டையைப் புரட்டி, காலர், கைப்பட்டி, காஜா என்று வரிசையாகப் பார்த்து, தையல் நழுவிய இடத்தில் சிவப்பு அம்பு ஸ்டிக்கர் ஒட்டுவார். உள்பக்கச் சீட்டில் மிஷின் எண் இருக்கும். எண்ணைப் பார்த்தால் ஆள் தெரிந்துவிடும். ஆளைக் கூப்பிட்டு, சட்டையை முகத்துக்கு நேரே பிடிப்பார். தொழிற்சாலையில் அவருக்குப் பூதக்கண்ணாடி என்று பெயர். அவர் காதுபடவே அப்படிக் கூப்பிடுவார்கள். அவருக்கும் அதில் உள்ளூரப் பெருமைதான். தலை நரைக்கும்வரை அந்த மேசையில் நின்று அவர் தெரிந்துகொண்டது ஒன்றே ஒன்று: பிழை தானாக வராது. எங்கே பிழை இருக்கிறதோ அங்கே ஒரு கை இருந்திருக்கும்.

நகத்துக்கும் அவர் அந்தக் கையைத்தான் தேடினார்.

கொஞ்ச நாள் முன்னால் ஃபோனில் ஒரு வீடியோ வந்திருந்தது. வெள்ளைக் கோட்டு போட்ட ஒருவன், பின்னால் ஓர் எலும்புக்கூடு. நகத்தில் குறுக்குக் கோடு விழுந்தால் உடம்பில் யாரோ விஷம் ஏற்றுகிறார்கள் என்றான். அதைப் பார்த்த அன்றைக்கே அவருக்குப் பல விஷயங்கள் வரிசைக்கு வந்தன. மனைவி சமையல் எண்ணெயை மாற்றியிருந்தாள். ஃபோன் வந்தால் பால்கனிக்குப் போய்ப் பேசினாள். அவர் தலை தெரிந்ததும், "சரிக்கா, வைக்கிறேன்," என்றாள். அக்காவிடம் பேசுகிறவள் எதற்குக் குரலைத் தாழ்த்த வேண்டும்?

டாக்டரம்மாவிடம் போகவேண்டிய அன்றைக்கு, தொழிற்சாலைத் தேநீர் இடைவேளையில் பேச்சோடு பேச்சாக, "தெரிஞ்சவர் ஒருத்தருக்கு நகத்துல கோடு கோடா விழுதாம்," என்று ஆரம்பித்தார்.

"தெரிஞ்சவரா? உங்க கையிலயே ஒட்டிக்கிட்டு இருக்காரே," என்றார் அயர்ன் மாஸ்டர்.

பண்டல் கட்டும் அம்மா கால்சியம் பத்தவில்லை என்றாள். தன் மகளுக்கு நகத்தில் வெள்ளைப் புள்ளி வந்தபோது பாலாக ஊற்றிக் கொடுத்தாளாம், புள்ளி போய்விட்டதாம். கட்டிங் மாஸ்டர் கிட்னி என்றார். கோடு நெட்டுக்கு விழுந்தாலும் குறுக்கே விழுந்தாலும் அவருக்குக் கிட்னிதான்.

"நகத்துல வெள்ளைப் பூ விழுந்தா புதுத்துணி வரும்பாங்க," என்றார் அயர்ன் மாஸ்டர். "நமக்கு விழுந்து என்ன பிரயோஜனம்? நாள் பூரா புதுத்துணியிலதான் புரள்றோம். ஒண்ணாவது நம்மளுதா?"

எல்லோரும் சிரித்தார்கள். அவர் சிரிக்காமல் மேசைக்குத் திரும்பினார். விஷம் என்று ஒருவர்கூடச் சொல்லவில்லை. தெரியாமல் சொல்லவில்லையா, தெரிந்தே சொல்லவில்லையா என்று யோசித்தார்.

சாயந்திரம் டாக்டரம்மாவின் க்ளினிக்கில் மனைவி வெளியே பெஞ்சில் உட்கார்ந்துகொண்டாள். அவர் மட்டும் உள்ளே போனார். டாக்டரம்மா பத்து விரல்களையும் விளக்கடியில் வாங்கிப் பார்த்தாள். பிறகு, "ம், சொல்லுங்க," என்று நாற்காலியில் சாய்ந்துகொண்டாள். அவர் சொன்னார். எண்ணெய், பால்கனி, வீடியோ எல்லாவற்றையும் தணிந்த குரலில், கதவைப் பார்த்துப் பார்த்துச் சொன்னார். டாக்டரம்மா அவர் முகத்தைப் பார்க்கவே இல்லை. அவர் மடியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அப்படியே இருங்க. கையை அசைக்காதீங்க. இப்ப குனிஞ்சு பாருங்க."

பார்த்தார். வலது ஆள்காட்டி விரல் மடங்கி, வலது பெருவிரல் நகத்தின் அடித்தோலைச் சுரண்டியபடி நின்றது. இடது கையிலும் அப்படியே.

"உள்ள வந்ததுலேர்ந்து இதைத்தான் செய்றீங்க. வீட்டம்மாவைப் பத்திப் பேசறப்ப கொஞ்சம் வேகமா."

அவர் விரல்களை நிமிர்த்தி முழங்கால்மேல் வைத்தார்.

"நகம் அந்தத் தோலுக்கு அடியில முளைக்குது. முளைக்கிற இடத்துல அது மெத்துனு இருக்கும். அங்க தள்ளித் தள்ளிச் சுரண்டினா வர்றப்பவே பள்ளம் பள்ளமா வரும். சரி, உங்களை ஒண்ணு கேக்கறேன். விஷம்னா பத்து விரலுக்கும்தானே போகணும்? உங்க வீட்டம்மா போட்டது ரெண்டு பெருவிரலுக்கு மட்டும் எப்படிப் போச்சு?"

அவர் வேறு ஒன்றைக் கேட்டார்.

"எங்க வீட்டம்மா உங்களுக்கு முன்னாலயே பழக்கமா?"

டாக்டரம்மா சிரித்துவிட்டாள். "டோக்கன் நம்பரைத் தவிர ஒண்ணும் தெரியாது. பெருவிரல்ல டேப் சுத்தி வைங்க, சுரண்ட வராது. நல்ல நகம் முழுசா வளர்ந்து வர அரை வருஷமாவது ஆகும். ஆனா அடியில புதுசா வர்றது சமமா வருதான்னு சீக்கிரமே தெரிஞ்சிடும்."

"கால்சியம் மாத்திரை?"

"வேண்டாம். வெள்ளைப் புள்ளிக்கே அது வேண்டாம். எங்கயாவது இடிச்சுக்கிட்டதா இருக்கும், வளர வளரத் தானா வெளியே போயிடும். நகத்துல கறுப்பா ஒரு கோடு விழுந்து அகலமாகிட்டே போனா மட்டும் உடனே ஓடி வாங்க."

வெளியே மனைவி எழுந்து நின்றாள். "என்ன சொன்னாங்க?"

"என் கைதான்."

"என்ன உங்க கை?"

"நானே சுரண்டிச் சுரண்டி வந்ததாம்."

அவள் திரும்பி நடக்க ஆரம்பித்தாள். வீடுவரை இரண்டடி முன்னால் நடந்தாள். அவள் முகம் எப்படி இருக்கிறது என்று பார்க்க அவர் வேகமாக நடந்தார். அவளும் வேகமாக நடந்தாள்.

ராத்திரி தட்டு வைத்தாள். டாக்டரம்மா சொன்னது சரி என்று அவருக்குத் தெரிந்திருந்தது. ரெண்டு பெருவிரலுக்கு மட்டும் எப்படி, என்ற கேள்வியை அவர் தனக்குள் பல தடவை புரட்டிப் பார்த்துவிட்டார். எங்கும் தையல் விடவில்லை. கரண்டியை எடுத்தார். அது பாதி வழியில் நின்றது. ஒரு கணம்தான், கண் அவள் பக்கம் போய்த் திரும்பியது. பிறகு சாப்பிட்டார், கடைசிப் பருக்கைவரை.

அவள் அந்த ஒரு கணத்தைப் பார்த்திருந்தாள்.

"நான் காலையில கிளம்பறேன்," என்றாள்.

"அதான் சாப்பிட்டேனே."

"சாப்பிட்டீங்க. பார்த்தேன்."

மறுநாள் அவள் முதல் பஸ்ஸில் போனாள். அவர் பையைத் தூக்கிக்கொண்டு நிறுத்தம்வரை போனார். மருந்துக்கடையில் டேப் வாங்கி இரண்டு பெருவிரல்களிலும் சுற்றிக்கொண்டார். தொழிற்சாலையில் அயர்ன் மாஸ்டர் கேட்டதற்கு, கதவில் நசுங்கிவிட்டது என்றார். கைப்பட்டியில் தையல் விட்ட சட்டைகள் சில வந்தன; அம்பு ஒட்டினார். டேப் இருந்ததால் ஸ்டிக்கரை உரிக்கச் சிரமமாக இருந்தது. மத்தியானம் அக்கா வீட்டுக்கு ஃபோன் செய்தார். அக்காதான் எடுத்தாள். வந்து சேர்ந்துவிட்டாள், தூங்குகிறாள் என்றாள். சாயந்திரம் வீட்டுக்கு வந்து தானே சமைத்தார். உப்பு சரியாக இல்லை. பாத்திரம் கழுவியதில் டேப் நனைந்து கழன்றது. கையைத் துடைத்துவிட்டுப் புதிதாகச் சுற்றினார்.