அறுபதாம் கல்யாணத்தை நிறுத்தியவள்

மலேசியாவில் எங்கள் பேராக் மாநிலத்தில் மனிதர்கள் இப்போதெல்லாம் எழுபதைத் தாண்டி வாழ்கிறார்களாம். சுதந்திரம் வாங்கிய காலத்தோடு ஒப்பிட்டால் பதினைந்து வருஷத்துக்கு மேல் கூடியிருக்கிறதாம். ஈப்போவில் குனோங் ராபாட் பக்கத்துக் கடை ஒன்றில் பால் தே குடித்துக்கொண்டே பேப்பரில் இதை நான் உரக்கப் படித்தேன். எதிரே உட்கார்ந்திருந்த என் அக்கா கலாதேவி பேப்பரைப் பிடுங்கி மேசையில் அடித்தாள்.

"நம்ம ஆம்பளைங்க வாழாத வருஷத்தையெல்லாம் யாருடா வாழ்றா?"

கடையே திரும்பிப் பார்த்தது. சராசரி என்றால் எல்லாரையும் சேர்த்துக் கூட்டி வகுப்பது என்று நான் விளக்க ஆரம்பித்தேன்.

"அந்தச் சராசரிய நீயே வச்சுக்க," என்று எழுந்து போய்விட்டாள்.

அவள் கோபம் சும்மா வந்ததில்லை. நாங்கள் பீடோர் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் பிறந்தவர்கள். அப்பாவுக்குக் களைக்கு மருந்தடிக்கிற வேலை. நாற்பத்தேழு வயதில் போய்ச் சேர்ந்தார். பெரியப்பா ஐம்பத்தொன்றில். பிறகு தோட்டத்தை விற்றார்கள், தொழிலாளிகள் குடியிருந்த லயத்து வீடுகளை இடித்தார்கள், நாங்கள் ஈப்போ டவுனுக்கு வந்தோம். ரப்பர் பால் வெட்டியவர்கள் லோரி ஓட்டினார்கள், ஃபேக்டரிக்குப் போனார்கள். ஊர் மாறியது, வேலை மாறியது, சாகிற வயது மட்டும் மாறவில்லை. லோரி ஓட்டிய எங்கள் மூத்த அண்ணன் பத்துமலை ஐம்பத்து நான்கில் சர்க்கரை வியாதியில் போனார்.

பெண்கள் இருக்கிறார்கள். அக்காவின் மாமியார் எண்பத்திரண்டு வரை இருந்தார். அதில் பாதிக்கு மேல் தாலி இல்லாமல். அந்தச் சராசரியைத் தூக்கிப் பிடித்தவர்களில் அவரும் ஒருவர், பாவம்.

அதனால் எங்கள் குடும்பத்தில் யாருக்கும் அறுபதாம் கல்யாணம் நடந்ததில்லை. அதற்கு ஜோடியாக உட்கார வேண்டுமே. தன் புருஷன், என் மச்சான் சன்னாசியாவது உட்கார வேண்டும் என்று அக்காவுக்கு ஒரே வெறி. பள்ளிக்கூட கேன்டீனில் சமைத்துவிட்டு வந்து, வீட்டில் உப்பில்லாமல் தனியாகச் சமைப்பாள். சீனி டப்பாவை அலமாரியில் பூட்டி வைப்பாள். மச்சானின் சர்க்கரை அளவு எங்கள் வரிசையில் எல்லா வீட்டுக்கும் தெரியும், அவ்வளவு சத்தமாகச் சண்டை போடுவாள்.

ஆனால் மச்சானுக்கு ஜாகா வேலை. ஒரு ஃபேக்டரி வாசலில் பன்னிரண்டு மணி நேரம் காவல் நிற்பார். தூக்கம் வராமல் இருக்க, பாலும் சீனியும் கெட்டியாகப் போட்ட தே. கிளினிக்குக்கு ஒரு நாள் போனால் ஒரு நாள் சம்பளம் போச்சு. அதனால் போக மாட்டார். இப்படி ஒரு வேலையைக் கொடுத்துவிட்டு, 'ஆரோக்கியமாக வாழுங்கள்' என்று சுவரில் போஸ்டரும் ஒட்டுகிறார்களே, அதைப் பார்த்தால் எனக்கு வயிறு எரியும்.

மச்சானின் அறுபதாம் கல்யாணத்துக்கு மூன்று வாரம் இருக்கும்போது, பூட்ஸ் உரசிக் காலில் வந்த புண்ணை அவர் மறைத்து வைத்திருந்தது தெரிந்தது. நாற்றம்தான் காட்டிக் கொடுத்தது. ஆஸ்பத்திரியில் டாக்டர் பார்த்துவிட்டு, உடனே விரல்களை எடுக்க வேண்டும், தள்ளிப்போட்டால் காலே போய்விடும் என்றார்.

மச்சான் வீட்டுக்கு வந்து நாற்காலியில் உட்கார்ந்துகொண்டார்.

"மணவறையில முழுக் காலோட நிக்கணும். கல்யாணம் முடியட்டும், அப்புறம் வெட்டிக்கட்டும்."

சொந்தக்காரர்கள் எல்லாரும் தலையாட்டினார்கள். நானும்தான். மண்டபம் பிடித்தாயிற்று, பத்திரிகை கொடுத்தாயிற்று. கோலாலம்பூரில் வேலை செய்யும் மகள் ஷாமினி, "மூணு வாரந்தானேம்மா, புண்ணுக்கு டிரெஸ்ஸிங் பண்ணிப் பாத்துக்கலாம்," என்று போனில் அழுதாள்.

அக்கா அந்த போனை வைத்துவிட்டு, மண்டபத்துக்குப் போன் அடித்தாள்.

"கல்யாணம் இல்ல. ஆமாலா, கேன்சல். இல்ல, மாப்பிள்ள உயிரோடதான் இருக்காரு. அதுக்குத்தான் வேணாங்கிறேன்."

வீடு முழுக்க ஒரே கூச்சல். நிச்சயித்த நல்ல காரியத்தை நிறுத்தினால் ஆகாது என்றேன் நான்.

"அப்பா நாப்பத்தேழுல போனாரே, அப்ப மட்டும் நல்ல நேரமாடா? வேன எடு!"

நான் ஓட்டுவது பள்ளிக்கூட வேன். பிள்ளைகள் உட்காரும் சின்ன சீட்டில் மச்சான் முழங்காலை மடக்கி உட்கார்ந்து வந்தார்.

மூன்று விரல்களை எடுத்தார்கள். இன்னும் சில நாள் போயிருந்தால் முழங்கால் வரை எடுத்திருப்போம் என்றார் டாக்டர். அதற்குப் பிறகும் மச்சான் அக்காவோடு பேசவில்லை. தான் ஆசைப்பட்ட ஒரே விசேஷத்தை அவர் காலுக்காகத் தன் கையாலேயே நிறுத்தியவள் அவள். அவளிடம் போய் முகத்தைத் திருப்பிக்கொள்கிறாரே என்று எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது.

கோயில் ஐயர் நட்சத்திரம் பார்த்துக் குறித்த நாள் வார்டிலேயே விடிந்தது. நான் போனபோது அக்கா கட்டில் ஓரத்தில் கஞ்சிக் கிண்ணத்தோடு உட்கார்ந்திருந்தாள். மச்சான் சுவரைப் பார்த்துக்கொண்டே வாயைத் திறந்தார்.

"அறுபது ஆச்சு. கழுத்துல ஒரு மாலை கூட இல்ல."

அக்கா கிண்ணத்தைக் கீழே வைத்தாள். குரல் உயர்ந்தது. பக்கத்துக் கட்டில்காரர்கள் எல்லாம் திரும்பினார்கள்.

"ஒங்கப்பாவுக்கு மாலை போட்டிருக்கு. எங்கப்பாவுக்குப் போட்டிருக்கு. பத்துமலை அண்ணனுக்குப் போட்டிருக்கு. எல்லாம் வீட்டு சொவத்துல வரிசையா தொங்குது, நாந்தானே தெனம் தொடைக்கிறேன்? ஒங்களுக்கு மாலையும் வேணாம் மண்ணும் வேணாம். வாயத் தொறங்க."

சொல்லும்போதே அவளுக்கு அழுகை வந்துவிட்டது. துடைத்துக்கொள்ளவில்லை, கஞ்சியை எடுத்து நீட்டினாள். மச்சான் அவள் பக்கம் திரும்பி வாயைத் திறந்தார். கிண்ணம் காலியாகும்வரை சாப்பிட்டார்.

அதற்குப் பிறகு அக்கா என் பக்கம் திரும்பினாள்.

"ஒனக்கு அம்பத்திரண்டு. கடைசியா எப்படா ரத்தம் டெஸ்ட் பண்ண?"

"வேன் இருக்குக்கா, பிள்ளைங்கள ஏத்தணும். லீவு வரட்டும், போலாம்."

அவள் மச்சானின் கட்டுப் போட்ட காலை ஒரு தரம் பார்த்தாள், என்னை ஒரு தரம் பார்த்தாள்.

மறுநாள் வேனை நிறுத்திவிட்டு, வெறும் வயிற்றோடு கிளினிக் வரிசையில் உட்கார்ந்தேன். முன்னாலும் பின்னாலும் பெரும்பாலும் பெண்கள்தான். ஒரு நாள் வரும்படி போன கோபம், பசி, அக்கா மேல் அதைவிடக் கோபம். ஆனால் எழுந்து போகப் பயமாக இருந்தது.