சித்தப்பா கொடுத்த கார்

நான் தொடக்கப்பள்ளியில் மூன்றாம் ஆண்டு படித்துக்கொண்டிருந்தபோது எங்கள் வீட்டுக்கு முதன்முதலாகக் கார் வந்தது. வெள்ளைக் கார். பின்கண்ணாடியில் யாரோ ஒட்டிவிட்டுப் பாதி கிழித்த ஸ்டிக்கரின் பிசின் இருந்தது. கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் துணிக்கடை வைத்திருந்த சித்தப்பா அதைத் தானே ஓட்டிக்கொண்டு வந்து, கிள்ளானில் நாங்கள் வாடகைக்கு இருந்த வீட்டு வாசலில் நிறுத்தினார். சக்கரங்களுக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கிவிட்டு, சாவியை இரண்டு கைகளாலும் அப்பாவிடம் நீட்டினார்.

"இனிமே புள்ளைங்கள மழையில மோட்டார்ல வச்சிக்கிட்டு அலையாதீங்கண்ணே. இது என்னோட அன்பளிப்பு."

மேருவில் ஒரு தொழிற்சாலையில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டிக்கொண்டிருந்த அப்பாவுக்குக் கண் கலங்கிவிட்டது. கிளம்பும்போது சித்தப்பா, "ஆயில் இப்பதான் மாத்துனேன். இப்போதைக்குக் கை வைக்காதீங்க" என்று சொல்லிவிட்டுப் போனார். தம்பிக்குத் தன்மேல் இருந்த அந்த அக்கறையை அப்பா தெருவில் பார்த்தவர்களிடமெல்லாம் சொன்னார்.

அம்மா அந்தக் காரைத் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை. அதற்கு முந்தைய வாரம்தான் அப்பா லாயர் ஆபீசுக்குப் போய், சுங்கை வேயில் தாத்தா விட்டுப்போன வீட்டில் தனக்கிருந்த பங்கைச் சித்தப்பா பெயருக்கு எழுதிக்கொடுத்துவிட்டு வந்திருந்தார். வீடு ஒரே பெயரில் இருந்தால்தான் கடைக்கு லோன் கிடைக்கும், கடை நிமிர்ந்ததும் திருப்பி எழுதித் தருகிறேன் என்று சித்தப்பா கேட்டிருந்தார். இதெல்லாம் எனக்குப் பல வருடம் கழித்துத்தான் தெரியவந்தது. அப்போது நான் அறிந்திருந்தது, சித்தப்பா நல்லவர், அம்மா எப்போதும் சிடுசிடுப்பவள் என்பது மட்டும்தான்.

கார் எங்கள் பேட்டைக்குள் ஓடியவரை ஒரு குறையும் இல்லை. பள்ளிக்கும் காய்கறிப் பாசாருக்கும் கோயிலுக்கும் சத்தமே இல்லாமல் போய் வந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை கேரி தீவில் பெரியம்மா வீட்டுக்குக் கிளம்பினோம். செம்பனைத் தோட்டங்களுக்கு நடுவே போகும்போது, எங்கிருந்தோ டிக் டிக் என்று கேட்டது.

"ஏதோ சத்தம் வருது" என்றாள் அம்மா.

"ஒன்னும் இல்ல லா. டயர்ல கல்லு" என்றார் அப்பா.

ஓரமாக நிறுத்தி, நான்கு டயர்களையும் குனிந்து பார்த்து, ஒன்றிலிருந்து நிஜமாகவே ஒரு கல்லைப் பிடுங்கி எங்களிடம் காட்டினார். கார் மறுபடி ஓடியபோது சத்தமும் கூடவே ஓடியது. பொனட்டுக்குள் பல்லி மாட்டியிருக்கிறது என்றான் அண்ணன். வேகமாகப் போனால் டிக் டிக்கும் வேகமாகிறது, அப்படியானால் பல்லி பயப்படுகிறது என்று அவனே விளக்கமும் தந்தான். நான் அந்தப் பல்லிக்காகப் பெரியம்மா வீடு வரைக்கும் அழுதுகொண்டே போனேன்.

அடுத்தடுத்த வாரங்களில் எங்கள் வீட்டு வாசலுக்கு வைத்தியர்கள் வந்து குவிந்தார்கள். சக்கர மூடி ஆடுகிறது என்றார் பக்கத்து வீட்டு அங்கிள். ஃபேன் எங்கேயோ உரசுகிறது என்றார் எதிர்வீட்டுக்காரர். அப்பாவுடன் வேலை செய்த ஒருவர் பிளக்கை மாற்றச் சொன்னார். அப்பா மூடியைக் கழற்றி வைத்தார், பிளக்கை மாற்றினார், எதையெதையோ முறுக்கினார். இன்ஜின் சூடேறாதவரை கார் அமைதியாகத்தான் இருக்கும். சூடேறினால் ஆரம்பித்துவிடும். மெல்ல மெல்ல அந்த டிக் டிக், டக் டக் என்று கனமாகியது. அப்பா ரேடியோவைச் சத்தமாக வைக்கத் தொடங்கினார்.

"ஒங்க தம்பியக் கேளுங்களேன்" என்றாள் அம்மா.

கேட்டார். ஃபோனில் சித்தப்பாவின் குரல் எங்களுக்கும் கேட்டது. "எங்கிட்ட இருந்தப்ப பூனை மாதிரி இருந்துச்சு காடி. நீங்க ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுற மாதிரி ஓட்டுறீங்களாண்ணே?" என்று சிரித்தார். அப்பாவும் சிரித்தார். அன்றிலிருந்து அவர் கியர் மாற்றும்போது, தூங்கும் குழந்தையைத் தொடுவதுபோல மாற்றுவார்.

கடைசியில் ஒரு சனிக்கிழமை காலை அப்பா என்னை மட்டும் கூட்டிக்கொண்டு மேருவில் ஒரு ஒர்க்‌ஷாப்புக்குப் போனார். அங்கிருந்த மெக்கானிக் வாய் ஓயாத மனிதர். இன்ஜினை ஓடவிட்டு, நீளமான ஸ்குரு டிரைவரின் முனையை அதன்மேல் வைத்து, கைப்பிடியைத் தன் காதில் வைத்துக் கேட்டார். பிறகு, "பாப்பா, நீ கேக்குறியா?" என்று என்னிடம் கொடுத்தார். என் காதுக்குள் யாரோ கதவைத் தட்டினார்கள். அவர் பிளக் வயர்களை ஒவ்வொன்றாகக் கழற்றி மாட்டினார். இரண்டாவதைக் கழற்றியதும் தட்டுவது அடங்கிப்போனது.

"இங்கதான். உள்ள பேரிங் தேஞ்சு போச்சு பாஸ். ஆயிலைப் பாப்போம்."

காருக்கு அடியில் தட்டை வைத்துத் திருகைக் கழற்றினார். ஆயில் தண்ணீர்போல விழும் என்று நினைத்தேன். அது தேன்போல இழுத்துக்கொண்டு இறங்கியது. அவர் விரலில் தொட்டு வெயிலில் காட்டினார். உள்ளே பொடிப்பொடியாக மின்னியது. எனக்கு அது அழகாக இருந்தது.

"பாத்தீங்களா? தடிச்ச மருந்தை ஊத்திச் சத்தத்தை அமுக்கியிருக்கான். சூடானா இளகிடும், அப்பறம் சத்தம் வந்துரும். விக்கிறவன் பண்ற வேலை பாஸ். யாருகிட்ட எடுத்தீங்க? சும்மா விடாதீங்க!"

அப்பா அந்தத் தட்டையே பார்த்துக்கொண்டு நின்றார். "தெரிஞ்சவங்கதான்" என்றார்.

"தெரிஞ்சவங்களா? சரியாப்போச்சு. இன்ஜினைப் பிரிக்கணும். இல்லன்னா ஒருநாள் நடுரோட்டுல நின்னுரும்."

அப்பா திரும்பி என்னை ஒருமுறை பார்த்தார். பிறகு தாழ்ந்த குரலில், "அதே மருந்து ஒங்ககிட்ட இருக்கா?" என்று கேட்டார்.

மெக்கானிக்கின் வாய் முதன்முறையாக நின்றது. "தீபாவளி வரைக்கும் தாங்கலாம். அதுக்கு மேல நான் சொல்ல முடியாது."

"அது போதும். ஊத்துங்க."

திரும்பி வரும் வழியில் கார் பூனைபோல இருந்தது. "அம்மாகிட்ட ஒன்னும் சொல்ல வேணாம், சரியா?" என்றார் அப்பா. தலையாட்டினேன். வீட்டில் அவர், "ஒரு ஸ்குரு லூசு, அவ்வளவுதான்" என்று சொன்னபோது நானும் பக்கத்தில் நின்று, "ஆமாம்மா, ஸ்குரு" என்றேன்.

தீபாவளி மதியம் சித்தப்பா குடும்பத்தோடு வந்தார். எனக்கும் அண்ணனுக்கும் தன் கடையிலிருந்து புதுத்துணி கொண்டுவந்திருந்தார். நான் அந்தப் பாவாடையை அப்போதே உடுத்திக்கொண்டு அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன். அவர் ஆட்டுக்கறியைப் பிசைந்துகொண்டே, "அப்பறம்ணே, காடி எப்படி ஓடுது?" என்று கேட்டார்.

"பிரச்சனையே இல்ல. நல்லா ஓடுது" என்றார் அப்பா.

அம்மாவிடம் சொல்லக் கூடாது என்றுதான் எனக்குச் சொல்லியிருந்தார்கள். சித்தப்பாவிடம் சொல்லக் கூடாது என்று யாரும் சொல்லவில்லை. பாவம், அவருக்கு இது தெரியாமலே போய்விடக் கூடாது என்று நினைத்தேன்.

"சித்தப்பா, ஒங்களுக்கு அந்தக் காடிய வித்தவன் ஏமாத்திட்டான். சத்தம் வராம இருக்க மருந்து ஊத்தியிருக்கான். ஒர்க்‌ஷாப் அங்கிள் சொன்னாரு. நீங்க அவன சும்மா விடாதீங்க."

சித்தப்பாவின் கை இலையிலேயே நின்றது. அவருக்குக் குழம்பு ஊற்ற வந்த அம்மா கரண்டியோடு அப்படியே நின்றாள். அடுத்த கணம் என் கன்னத்தில் அறை விழுந்தது. அப்பா அதற்கு முன்னாலும் என்னை அடித்ததில்லை, பின்னாலும் அடித்ததில்லை.

"பெரியவங்க பேசும்போது என்ன பேச்சு?" என்று என்னிடம் கத்திவிட்டு, உடனே சித்தப்பாவிடம் திரும்பி, "சின்னப்புள்ள, ஏதோ ஒளறுது. நீ சாப்பிடு" என்றார்.

அம்மா கரண்டியைக் கீழே வைத்தாள். "நீங்க எப்ப தம்பி அந்த மருந்தை ஊத்துனீங்க? சைன் வாங்குறதுக்கு முன்னாடியா, பின்னாடியா?"

"என்ன அண்ணி பேசுறீங்க? பழைய காடின்னா ஆயிரம் சத்தம் வரும் லா. ஓசில குடுத்ததுக்கு இந்தப் பேச்சு வேறயா?"

"ஓசியா?" என்றாள் அம்மா. அவ்வளவுதான் கேட்டாள். அப்பாவின் முகத்தைப் பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டாள்.

சித்தப்பா பாதிச் சாப்பாட்டில் எழுந்து கை கழுவினார். அப்பா கேட் வரைக்கும் பின்னாலேயே ஓடினார். சித்தப்பாவின் புதுக்கார்க் கதவைப் பிடித்துக்கொண்டு, "மனசுல வச்சிக்காதடா" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். அந்தக் கதவு மூடிக்கொண்டது. அதன்பிறகு சித்தப்பா எங்கள் வீட்டுக்கு வரவில்லை. சுங்கை வே வீட்டை விற்றுவிட்டார் என்ற செய்தியே மூன்றாம் மனிதர் சொல்லித்தான் எங்களுக்குத் தெரிந்தது.

அன்று சித்தப்பாவின் கார் போன பிறகு அப்பா வீட்டுக்குள் வரவில்லை. வெள்ளைக் காருக்குள் ஏறி, இன்ஜினை முடுக்காமல், ஸ்டீயரிங்கைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். வீட்டுக்குள் அம்மா இலைகளை எடுத்துக்கொண்டிருந்தாள். எனக்குக் கன்னம் எரிந்தது. ஆனாலும் என்னால்தான் எல்லாம் கெட்டுப்போனது என்று தோன்றியதால், கார்க் கண்ணாடியைத் தட்டி, "சாரிப்பா. இனிமே சொல்ல மாட்டேன்" என்றேன்.

அப்பா கண்ணாடியை இறக்கவில்லை. முகத்தை மறுபக்கம் திருப்பிக்கொண்டார். என்மேல் இருந்த கோபம் இன்னும் தீரவில்லை என்று நினைத்து, நான் இன்னும் பலமாகத் தட்டிக்கொண்டே இருந்தேன்.